பன்னிரண்டு மணிக் கட்டம்

பினாங்கு, எட்டாவது வார்டு, பதினாலாம் கட்டில்.
சவரிநாதனுக்கு எண்பத்தொன்று.
வலது இடுப்பு முறிந்து மூன்றாம் இரவு.
ஆப்பரேஷன் நாளைக்கு என்றார்கள்,
நேற்றும் அதையே.

"திருப்பாதே மிஸ்ஸி.
துறைமுகத்தில் முப்பது வருஷம் லாரிகளை எடை போட்டவன் நான்.
நாற்பத்தேழு கிலோ, இதெல்லாம் ஒரு பாரமா?"

பாரம்தான் ஐயா.
குதிகாலில் இருபது காசு அகலத்துக்குச் சிவப்பு.
விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தேன்.
வெளுக்கவில்லை.

மருந்து வண்டி பாதியில் நிற்கிறது.
நூருல் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்;
இழுக்காமல், விரிப்போடு தூக்கி
முறியாத பக்கம் கொஞ்சம் சாய்த்தோம்.
அவர் அலறலில் வார்டே விழித்துக்கொண்டது.
கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை.
குதிகால் இப்போது
எதையும் தொடாமல் இருக்கிறது.

மூச்சு அடங்கியதும் கண்ணை மூடியபடியே சொல்கிறார்:
"ஓடுகிற லாரியால் ரோட்டுக்கு ஒன்றுமில்லை மிஸ்ஸி.
வெயிலில் நிறுத்தி வைத்தால்தான்
டயருக்கு அடியில் தார் குழியும்."

இரண்டு பத்து, இடப்பக்கம் என்று அட்டையில் எழுதுகிறேன்.
அதற்கு மேலே
பன்னிரண்டு மணிக் கட்டம் காலி.

அப்போதும் பணியில் இருந்தது
நான்தான்.