அரைப்பேர்

பட்டியலில் கடைசியாக, இருபத்திரண்டாவதாக
என் பேர் வந்தது.
லோகிதராஜாவின் பேர் வரவில்லை.
இருபத்து மூன்று என்றொரு எண்
அன்றைக்கு இல்லை.

ஹட்டன், டன்பார் மைதானம்.
கொழும்பிலிருந்து வந்த மூன்று பேர்
பிளாஸ்டிக் கதிரைகளில்.
அவர்களுக்கு ஊற்றிய பிளேன்டி ஆறிக்கொண்டிருந்தது.
இரண்டாம் பாதியில் பனி இறங்கியது,
இடப்பக்கம் மட்டும்.

லோகிதன் இடது பின்வரிசை.
நாற்பது நிமிஷம் அவன் என்ன ஆடினான் என்று
எனக்கே தெரியாது.
பந்து அந்த வெள்ளைக்குள் போகும்,
ஒரு சத்தம் கேட்கும்,
திரும்பி என் காலுக்கு வரும்.
அப்படி வந்த பந்துகளில்தான்
நான் இரண்டு கோல் போட்டேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

பஸ்ஸில் அவன் பெரிதாய் ஒன்றும் பேசவில்லை.
"கிலோ கொறஞ்சா அரைப்பேராச்சும் போடுவாங்க.
நமக்கு அதுவும் இல்லடா."
அவன் அம்மா அன்று பதினெட்டு கிலோ எடுத்திருந்தாள்.
ஈரத்துக்கென்று இரண்டைக் கழித்திருந்தார்
கணக்கப்பிள்ளை.

எனக்கு ஜெர்சி, விடுதி, கட்டிலுக்கு மேலே மின்விசிறி.
மூன்று மாசம்.
கோச்சின் சிங்களத்தில் பாதி புரியவில்லை,
ஏச்சு மட்டும் முழுசாய்ப் புரிந்தது.
தீபாவளிக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை.
வீட்டில் கணுக்கால் என்று சொன்னேன்.

அதே வருஷம் அவன் புறக்கோட்டைக்கு வந்தான்,
துணிக்கடையில் மூட்டை தூக்க.
கடை பூட்டினால் நேரே மைதானம்.
கோலுக்குப் பின்னால் கானுக்குள் விழும் பந்தை
எடுத்துத் துடைத்துக் கொடுப்பான்.
ஏழு மாசம் கொடுத்தான்.
எட்டாவது மாசம்
இடது பின்வரிசைக்காரனுக்கு டெங்கு.
சப்பாத்து என்ன சைஸ் என்று கேட்டார்களாம்.
"இருக்கிறதத் தாங்க."
விரலிடுக்கில் பேப்பர் திணித்துக்கொண்டு
தொண்ணூறு நிமிஷம்.

பிறகு பதினொரு சீசன்.
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், பதினொன்றுதான்.
மூன்று கிளப், அதிலொன்று
கடைசிவரை காசு தரவில்லை.
நாட்டுக்கு ஆட எடுப்பார்கள் என்று
ஒரு பேப்பர் எழுதியது;
போட்ட படம் வேறு யாரோவுடையது.
ஒலிபெருக்கியில் அவன் லோஹிததாச,
ஸ்கோர் ஷீட்டில் லோகேஸ்.
ஒரே ஒரு கோல், காலியில், மழைக்குள்.
கிராஸ்தான் போட்டானாம்,
காற்று உள்ளே தள்ளிவிட்டதாம்.
அவனே சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்.

அவனுக்குத் தடுக்கிற வேலை.
தடுத்ததை எழுத
எந்தச் செக்ரோலிலும் கட்டம் கிடையாது.

போன மாசம் அவர்களுக்கு இங்கே மெட்ச்.
த்ரீவீலை ஓரங்கட்டிவிட்டு
மதிலில் ஏறி நின்றேன்.
எழுபதாவது நிமிஷம், சொல்லி வைத்ததுபோல,
இடப்பக்கம் பனி.
கதிரைக்காரர்கள் போனை எடுத்தார்கள்.
நான் காது கொடுத்தேன்.

தப்.
நனைந்த பந்து.
புல்லை உரசிக்கொண்டு ஒரு சறுக்கல்.
"அம்மே" என்று யாரோ.
வெள்ளைக்குள்ளிருந்து பந்து மட்டும் வெளியே வந்து
ஒரு பொடியனின் காலடியில் நின்றது.
அவன் ஓடினான், அடித்தான்,
இரண்டு கையையும் விரித்துக்கொண்டு
கூட்டத்தைப் பார்த்து ஓடினான்.
எனக்கு அந்தக் கைகளைத் தெரியும்.

மெட்ச் முடிந்து என் வண்டியில்தான் ஏறினான்,
முழங்காலில் ஐஸ் பையோடு, மஸ்கெலியாவுக்கு.
அந்த இரண்டு கோலைப் பற்றிச் சொல்லிவிட நினைத்தேன்.
டிக்கோயா போனது.
நோர்வூட் பாலம் போனது.
"முட்டி எப்படிடா?" என்று கேட்டேன்.
"மலை எறங்கத்தான் கஷ்டம்" என்றான்.

இரண்டாயிரத்து இருநூறு என்றேன்.
இரண்டாயிரத்து ஐந்நூறு தந்தான்.
மிச்சத்தைச் சரியாக எண்ணிக் கொடுத்தேன்.
பின்சீட்டில் ஐஸ் உருகிக் கிடந்தது.
அடுத்து ஏறியவர் துடைக்கச் சொன்னார்.
துடைத்தேன்.