பத்து போல்ட்

சனி இரவு. வெளியே மைனஸ் பதினொன்று.
ஓப்பலின் தலை கழன்று
செய்தித்தாள் மேல் கவிழ்ந்து கிடக்கிறது.
அக்கா புருஷன் இல்போ, காரில் பாதிக்குச் சொந்தக்காரன்,
குந்தியபடியே சொல்கிறான்:
"பழசையே போடு. கம்பி பிரஷ்ல ஒரு தேய்,
சொட்டு ஆயில், அவ்வளவுதான்."

அவன் கணக்கில் தப்பில்லை.
எங்கள் பந்தயத்தில் ஒரு சட்டம் உண்டு:
ஓடி முடித்ததும் உன் காரை யாரும் கேட்கலாம்.
விலை ஒன்றே, ஜெயித்த காருக்கும் நொண்டிக் காருக்கும்.
பலர் கேட்டால் சீட்டுக் குலுக்கல்.
தரமாட்டேன் என்றால் உரிமம் போச்சு.
ஆகவே இங்கே யாரும் காருக்குள் காசைப் புதைப்பதில்லை.
புதைத்தால்
இன்னொருவன் முற்றத்தில்தான் முளைக்கும்.

அவன் வீட்டுக்குப் போனபின்
காப்பிக் கோப்பையைத் தள்ளிவிட்டு
பத்தையும் சமையலறை மேஜையில் வரிசையாக வைத்தேன்.
வெர்னியர் காலிப்பர் அப்பா விட்டுப்போனதல்ல,
தள்ளுபடியில் வாங்கியது, உறைகூட இன்னும் கிழிக்கவில்லை.
ஏழு ஒரே நீளம்.
இரண்டு மயிரிழை கூட.
ஒன்று மட்டும் ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டு,
மரைக்குச் சற்று மேலே
இடை மெலிந்திருந்தது.
கண்ணுக்குத் தெரியாது. நகத்தை ஓட்டினால் தெரியும்.

இந்த வகை போல்ட்டை இறுக்குகிறோம் என்பது பேச்சுக்கு.
உண்மையில் இழுக்கிறோம்.
நீண்டது திரும்பச் சுருங்கப் பார்க்கும்,
அந்தப் பார்ப்பில்தான்
தலையும் பிளாக்கும் ஒட்டி நிற்கின்றன.
எல்லை தாண்டிய நீளம் திரும்பாது.
தாண்ட வைத்துத்தான் இறுக்கச் சொல்கிறது கையேடு.
ஒருமுறைக்குச் சரி.
இரண்டாம் முறை கேட்டால் போல்ட் பொய் சொல்லும்,
டார்க் ரெஞ்சும் அதை நம்பும்.

திங்கள் மதியம் கயானிக்குப் போனேன்.
இல்போவிடம் பல் டாக்டர் என்றேன்.
பத்து புதுசு, நாற்பத்தெட்டு யூரோ.
கடையில் மெர்வி ரசீதை நீட்டினாள்.
வேண்டாம் என்றேன்.

நடுவிலிருந்து வெளியே, நத்தைச் சுருளாக,
இருபத்தைந்து நியூட்டன் மீட்டர்.
பிறகு தொண்ணூறு பாகை. பிறகும் தொண்ணூறு.
மூன்றாவது தொண்ணூறில்தான் அது வரும்:
கை முழு பலத்தோடு தள்ளிக்கொண்டிருக்கும்போதே
எதிர்ப்பு ஏறுவதை நிறுத்திக்கொள்ளும்.
முறிந்துவிட்டதோ என்று
வயிறு ஒரு கணம் குளிரும்.
முறியவில்லை. இசைந்தது.
பத்து முறை குளிர்ந்தது எனக்கு.

அடுத்த ஞாயிறு, உறைந்த ஏரி.
மூன்றாவதாக வந்தேன்.
பெட்டியில் ஐந்து சீட்டு.
ஹில்ப்பா என்றொரு பெண்ணுக்கு விழுந்தது,
மூக்கின்கீழ் காய்ந்த ரத்தம், ஒரு கையில் மட்டும் கையுறை.
காரைச் சுற்றிவரவில்லை, டயரை உதைக்கவில்லை.
"தலை போல்ட் பழசா, புதுசா?"
"புதுசு."
எனக்குப் பின்னால் இல்போவின் கழுத்து திரும்பியது.
பனி நொறுங்கும் சத்தத்தில் அதைக் கேட்டேன்.

வெறும் டிரெய்லர் துள்ளித் துள்ளிப் பின்னால் வந்தது.
ஹூரின்சால்மி தாண்டும்வரை பேச்சில்லை.
"எவ்வளவு?"
"நாற்பத்தெட்டு."
வைப்பர் இரண்டு தடவை போய்வந்தது.
"போன வருஷம் அந்த குஹ்மோக்காரன் கார்," என்றான்,
"ரெண்டாவது ஓட்டத்திலேயே கேஸ்கட் போச்சுன்னானே.
பழசுதான் போட்டிருந்தேன்.
அவனும் இதையேதான் கேட்டான்.
புதுசுன்னேன்."

ஹீட்டர் கால்மேல் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது.
அவனுக்கு ஃபோன் செய்தாயா என்று
நான் கேட்கவில்லை, அன்றும், பிறகும்.

பழையதில் ஒன்பது இரும்புக் கழிவுக்குப் போயின.
நீண்டது மட்டும்
என் சௌனா கதவின் கொண்டியில் செருகியிருக்கிறது.
அங்கே அதை யாரும் இழுப்பதில்லை.
சனிக்கிழமை இல்போ வருவான்,
துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அதை உருவுவான்,
ஜன்னல் விளிம்பில் வைக்குமுன்
கட்டைவிரல் நகத்தால்
அந்த இடத்தை ஒருதரம்
ஓட்டிப் பார்ப்பான்.