மூன்று பேர் பேசும் வரை

கிளைபெடாவில், துறைமுகத்துக்குப் பின்னால்,
நூலகத்தின் நிலவறையில் கூடுவோம்,
மாதத்தின் இரண்டாம் வியாழக்கிழமை, ஏழு பேர்.
பக்கத்து அறையில் கொதிகலன் இருமிக்கொண்டிருக்கும்.
மேசை முழுக்கப் படங்கள் என்பதால்
காப்பிக் கோப்பைகள் தரையில்.
ஒரே விதி:
மூன்று பேர் பேசி முடிக்கும்வரை
எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது.

பிப்ரவரியில் என் முறை.
உறைந்த காயலின் நடுவே
பனியில் துளையிட்டுத் தூண்டில் போட்டிருந்தவனைப்
படகுத்துறைச் சுவரில் சாய்ந்தபடி
நீள லென்ஸில் பிடித்திருந்தேன்.
அவனுக்குப் பின்னால் சூரியன் விழுகிறது.
கையில் விரல் நீள மீன் மின்னுகிறது.
என் மனைவி அதற்குச் சட்டம் போட்டுவிட்டாள்.
மைத்துனனின் கைபேசி முகப்பிலும் அதுதான்.

ரொட்டிக்கடை ரமுனே "அழகு" என்றாள்.
அவள் கடை ரொட்டி போல அந்தச் சொல்லும்
எவருக்கும், எப்போதும், சுடச்சுடக் கிடைக்கும்.
அடிவானம் அரை டிகிரி சாய்வு என்றான் கெஸ்துதிஸ்.
அவன் சட்டைப்பையில் ரசமட்டம் இருக்கிறது,
விளையாட்டுக்குச் சொல்லவில்லை.
பிறகு டங்குவோலே.
மின்தூக்கி பழுதுபார்ப்பவள்.
படத்தைத் தொடவில்லை. குனிந்து பார்த்தாள், வெகுநேரம்.
"இவர் பெயர் என்ன?"
"தெரியாது" என்றேன், விதியை மீறி.
"அது படத்திலேயே தெரிகிறது.
வானத்துக்கு யார் இத்தனை கரி பூசியது?"

பேருந்தை விட்டுவிட்டு நடந்தேன்.
கழுத்துக்குள் காற்று இறங்கியது.
அங்கே வராத பதிலெல்லாம்
பாலத்தருகே வரிசை கட்டி வந்தது.
கம்பியும் திருகாணியும் எடுப்பவளுக்கு
சூரியனைப் பற்றி என்ன தெரியும்?
பெயர் கேட்டுவிட்டா ஒளி விழுகிறது?

அன்றிரவே கணினியில்
வானத்தின் கரியைத் துடைத்துப் பார்த்தேன்.
துடைத்ததும் மீன் சிறுத்தது,
மனிதன் கொஞ்சம் பெருத்தான்.
வானத்தைப் பொறுத்தவரை அவள் சொன்னது சரி.
பெயர் விஷயம் அநியாயம்.
இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனாலும் சனிக்கிழமை பனிமேல் நடந்து போனேன்.
அவன் இல்லை.
துளையின்மேல் பாலாடை போலப் புதுப் பனி.
பக்கத்தில் செதில்கள், ஒரு சிகரெட் துண்டு.
அவன் உட்கார்ந்த இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன்:
நான் சாய்ந்திருந்த சுவர்
ஒரு தீக்குச்சி நீளம்கூட இல்லை.
கேமராவை வெளியே எடுக்கவில்லை.
குளிரில் மின்கலம் செத்துப்போயிருக்கும்,
என்று மனைவியிடம் சொன்னேன்.

மார்ச்சில் டங்குவோலேயின் படம்.
மின்தூக்கிக் கிணற்றின் அடியிலிருந்து மேல்நோக்கி.
மூன்றாவது மாடிக் கதவு திறந்திருக்கிறது.
விளிம்பில் கம்பளிச் செருப்பணிந்த இரு பாதங்கள்,
கீழே என்ன நடக்கிறதென்று காத்திருக்கின்றன.
அவ்வளவுதான்.
முழு மாதமும் கத்தி தீட்டி வைத்திருந்தேன்.
மூன்றாவதாகப் பேசும் முறை எனக்கே வந்தது.
எங்கே குத்தலாம் என்று தேடினேன்.
செருப்பின் கிழிந்த நுனியில் கண் சிக்கி
வெளியே வர மறுத்தது.
"நல்ல படம்" என்றேன்.
பல் பிடுங்குவதுபோல் வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
"இடது மூலையில் அந்தச் சிவப்பு வாளி
கண்ணை இழுக்கிறது" என்றும் சொன்னேன்.
இழுத்தது வாளியா,
பிப்ரவரியிலிருந்து ஆறாத என் காயமா,
சொல்லும்போதே எனக்குத் தெரியவில்லை.

இனி அவள் பேசலாம்.
"வாளி இருக்கட்டும்" என்றாள்.
ஏன் என்று சொல்லவில்லை.
ஆனால் கட்டைவிரலால் அதை மறைத்தாள்,
விரலை எடுத்தாள்,
மறுபடி மறைத்தாள்.
அந்த நகத்தில் எண்ணெய்க் கறுப்பு.
ஏழு தலைகளும் மேசைக்குமேல் நெருங்கின.
யாருடைய காலோ தட்டிக் கோப்பை கவிழ்ந்தது,
ஒருவரும் குனியவில்லை.
ரமுனே மட்டும் வாயைத் திறந்து,
எதுவும் சொல்லாமல்,
இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.