எழுபத்துமூன்றாம் நாள்

மல்லாவியில ஐந்தரை பஸ்.
ஒன்றரை லீற்றர் தண்ணியைக் குடிச்சு
அடக்கிக்கொண்டு வரவேணும்,
அப்பதான் ஸ்கானில தெளிவாய்த் தெரியுமெண்டு
துண்டில எழுதியிருக்கு.
எழுதினவருக்கு இந்த றோட்டைத் தெரியாது.
கிடங்குக்குக் கிடங்கு
அடிவயிற்றைக் கையால ஏந்திப் பிடிச்சன்.
கண்ட ஒரு அம்மா எழும்பி இடம் தந்தா:
"எத்தனை மாசம், பிள்ளை?"

தண்ணி அம்மா, வெறும் தண்ணி.

சொல்லேல்லை. இருந்திட்டன்.
ஓமந்தையில அவ இறங்கும் மட்டும்
பிள்ளைத்தாச்சியாய்ப் போனன்.

வவுனியாவில இருட்டறை, குளிர்ந்த பசை.
சிங்கள டொக்டர், என்னிலும் இளசு.
பழகின தமிழை ஒவ்வொரு சொல்லாய் எடுத்து வைச்சா:
"முட்டை இருக்கு. நிறைய இருக்கு.
வெளியே வாறது இல்லை."
திரையை என்ர பக்கம் திருப்பினா.

தாமரைக்காய்.
வவுனிக்குளத்தில முறிச்சுத் தின்னுற அதே காய்.
சுற்றிவரக் குழி, குழிக்கொரு விதை,
ஒண்டும் உதிரேல்லை.

"நிறை குறைக்க வேணும். குளக்கட்டில நடங்க."
யானை வரும் டொக்டர்.
"அப்ப வேகமாய் நடங்க."

மற்றவளுக்கு நாள் தள்ளினால் நல்ல செய்தி.
எனக்கு நாள் தள்ளுறதுதான் வருத்தம்.
நாற்பதாம் நாள் மாமி மாங்காய் வெட்டி வைப்பா.
ஐம்பதாம் நாள் வற்றாப்பளை அம்மனுக்கு ஒரு நேர்த்தி.
அறுபதாம் நாள் பார்மசியில குச்சி வாங்குவன்,
இன்னாருக்கெண்டு ஒரு பொய் சொல்லி.
ஒற்றைக் கோடு.
சங்கக்கடைப் பேரேட்டில
வரவில்லாத பக்கத்துக்கு நான் கீறுறது மாதிரி.

ஒருத்தரும் என்னை ஏசுறதில்லை.
ஏசினால் திருப்பி ஏசலாம்.
மாமி ஒரு பெயர் வைச்சிருக்கிறா, கடைசி மகனின்ர பெயர்.
வட்டுவாகல் பாலம் தாண்டேக்க
ஆள் இல்லை, பெயர் மட்டும் கூட வந்ததாம்.
அதை என்ர வயிற்றுக்கெண்டு
மடிச்சு வைச்சிருக்கிறா, உடுப்பு மாதிரி.
"சனம் குறைஞ்ச மண், பிள்ளை" எண்டு
சங்கத் தலைவரும் மேசைக்கங்கால இருந்து சொல்லுவார்,
என்ர சூல்பையால ஊரை நிரப்பிறதெண்டு
கூட்டத்தில தீர்மானம் போட்டவர் மாதிரி.

விடிய முன்னம் எழும்பி
நாடியில முளைக்கிற மயிரைப் பிடுங்குவன்.
நாலு இருந்தது, இப்ப ஒன்பது.
நிமலரூபன் நித்திரை எண்டுதான் நினைச்சன்.
போன ஞாயிறு புது பிளேட் ஒண்டு
கண்ணாடிக்குப் பக்கத்தில, பேப்பர் பிரிக்காமல்.
பகிடியோ பட்சமோ எண்டு
இரண்டு நாள் யோசிச்சன்.
மூன்றாம் நாள்
அவனும் சீனியில்லாத தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தான்,
முகத்தைச் சுழிச்சபடி.

நேற்று, எழுபத்துமூன்றாம் நாள்,
கடையில பருப்பு நிறுத்துக்கொண்டு நிற்க
அடிவயிற்றில ஒரு இழுவை.
பின்னால போய்ப் பார்த்தன்.
சிவப்பு.

பிள்ளைக்கு ஏங்கிற பெண்டுகள்
இதைக் கண்டு அழுவினமாம்.
நான் கோதுமை மாச் சாக்குகளுக்கு நடுவில நிண்டு
தனியச் சிரிச்சன்.
ஒரு விதை குழியை விட்டு அசைஞ்சிருக்கலாம்.
அசையாமலும் வந்திருக்கலாம்,
அப்பிடியும் வருமெண்டு டொக்டர் சொன்னவா.
ஆனால் அந்தச் சின்ன மாத்திரையை
இனித்தான் தொடங்கலாம். வந்த நாளை
ஒண்டு எண்டு எண்ணச் சொன்னவா.

வீட்டை வர மாமி முகத்தைப் பார்த்தா.
"வந்திட்டுதோ?"
வந்திட்டுது மாமி.
அவவின்ர கை கத்தியைக் கீழ வைச்சுது.
பாதி வெட்டின மாங்காய்.
மிச்சத்தை நான் வெட்டினன்,
உப்பும் தூளும் தொட்டு ஒரு துண்டு தின்றன்,
பல் கூசக் கூச.
மற்றத் துண்டை அவவுக்கு நீட்டினன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிண்டா.
பிறகு வாங்கினா.