பேர் வெட்டாத தூக்கு

தோற்றவங்க யாரும் வர்றதில்லையேம்மா, என்றார்
சாக்கோட்டை ஒன்றிய அலுவலகத்தில்
மின்விசிறிக்குக் கீழே
காகிதங்களின் மேல் கருங்கல் வைத்திருந்தவர்.
பதினொரு ஓட்டு, என்றேன்.
அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டமில்லை.

தேதி. செலவின் தன்மை. அளவு. விலை.
யாருக்குக் கொடுத்தது. ரசீது எண்.
பணம் வந்த வழி.
முப்பது நாளுக்குள் தராவிட்டால்
மூன்று வருடம் தேர்தலில் நிற்க முடியாது.

கணக்கு எனக்குப் புதிதில்லை.
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில்
பழைய கதவும் பீங்கான் சாடியும் விற்கிற கடையில்
பதினாலு வருடமாகப் பேரேடு என் கையில்.
பர்மாத் தேக்குத் தூண் ஒன்று,
ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி ஒன்று,
வாங்கியது இவ்வளவு, விற்றது இவ்வளவு.
ஐந்தொகை ஒரு ரூபாய் உதைத்தாலும்
அன்றைக்குக் கடைசி பஸ்ஸை விட்டுவிடுவேன்.

அதனால் எழுதினேன்.
நோட்டீஸ் ஆயிரம், கல்லுக்கட்டி அச்சகம், ரசீது உண்டு.
மைக் கட்டிய ஆட்டோ இரண்டு நாள்,
அந்தோணிச்சாமி கையெழுத்து.
டீ நூற்று நாற்பது.
இருளப்பன் கடைக்கு பில்புக் ஏது,
காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதித் தந்தார்,
முன்பக்கம் அஷ்டமி என்றிருந்தது.
பணம் வந்த வழி: தோடு, ஒரு ஜோடி.
அடகா விற்பனையா, என்றார் கருங்கல்காரர்.
அடகு.
திருப்பிவிடலாம் என்று இருந்த காலம் அது.

என் சின்னம் பூட்டு சாவி.
ஊரில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கிறது.
வாக்காளர் பட்டியலில் ஒரே கதவு எண்ணில் ஒன்பது பேர்:
கோலாலம்பூரில் இரண்டு, அண்ணாநகரில் நான்கு,
மீதி மூன்று பேர் எங்கே என்று
அந்தப் பூட்டுக்கும் தெரியாது.
வளையத்தில் நோட்டீஸைச் செருகிவிட்டு வந்தேன்.
ஒஞ் சின்னம் அவுக வாசல்லயே தொங்குதுக்கா,
ஓட்டு உறுதி என்று சிரித்தாள்
கூட வந்த சொர்ணவல்லி.
அதற்குச் செலவில்லை, எழுதவில்லை.

வென்றவர் கணக்குக்கு நகல் கேட்டேன்.
கட்டணம் கட்டினேன், தந்தார்கள்.
ஒரே பக்கம்.
நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
டீ இல்லை. அந்த நாலு கார் இல்லை.
தூக்கு இல்லை.

ஓட்டுக்கு முந்தின ராத்திரி வந்தது தூக்கு,
வீட்டுக்கு ஒன்று, கனத்த எவர்சில்வர்,
உள்ளே ஒரு கிலோ சீனி,
சீனிக்குள் மடித்த ஐந்நூறு.
எங்கள் பக்கம் ஒரு கரண்டிகூட
பேர் வெட்டாமல் வீட்டுக்குள் வராது.
விசேஷ வீட்டுக்கு இரவல் போன அண்டா
இனிஷியலைக் காட்டித் திரும்பி வந்துவிடும்.
இதில் ஒரு எழுத்து இல்லை.
முன்னூற்று எழுபது வீடு.
பஸ்ஸில் வரும்போது பெருக்கினேன்,
இறங்குவதற்குள் இன்னொரு முறை சரிபார்த்தேன்.
உதைக்கவில்லை.

முன்னூற்று எழுபதில் ஒன்று
என் அடுப்படியில் இருக்கிறது, தயிர் உறைகிறது அதில்.
என் வீட்டுக்காரர்தான் வாங்கி வைத்தார்.
வர்றதை ஏன் விடணும்,
குத்துனது ஒனக்குத்தானே, என்றார்.
பதினொன்றை எண்ணும்போதெல்லாம்
அந்த ஒன்றையும் விரல் விட்டுப் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை
தயிரைச் சட்டிக்கு மாற்றிவிட்டுத்
தூக்கைத் தேய்த்துக் கழுவி
பாத்திரக்கடை வாசலில் பேர் வெட்டுகிற
காதர்மைதீனிடம் கொண்டுபோனேன்.
யார் பேரு, என்றார்.
வென்றவர் பேரைச் சொன்னேன், இனிஷியலோடு, முழுசாக.
கீழே தேதி, ஓட்டுக்கு முந்தின நாள்.
உளி நின்றது.
என்னைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார்,
இதே மாதிரி எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கு என்று
குனிந்து வெட்ட ஆரம்பித்தார்.

எழுத்துக்கு மூன்று ரூபாய்.
முப்பது நாள் முடிந்துவிட்டது,
இந்தச் செலவை எந்தக் கட்டத்திலும் காட்ட வேண்டியதில்லை.
இருந்தாலும்
ரசீது கேட்டேன்.