சுமைகூலி

ரியேகா துறைமுகத்தில் மூன்று நாளாகப் புரா காற்று.
கடலுக்குப் போக வழியில்லாத இழுவைப்படகு
கட்டிய இடத்திலேயே உறுமுகிறது.
அதன் புகைபோக்கியிலிருந்து ஒரு கிளைக்குழாய்
எங்கள் தகரக் கொட்டகைக்குள் நுழைகிறது.

கரியைப் பிடிக்கலாம், அதற்கு உடம்பு இருக்கிறது.
கந்தகம்கூடத் தண்ணீரைக் கண்டால் இறங்கிவிடும்.
நைட்ரிக் ஆக்சைடுக்குத் தண்ணீரோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.
தூவல் மழைக்குள் புகுந்து
நனையாமல் மறுபக்கம் போகும்.
ஊருக்குள் போய்த்தான் நிறம் மாறும்.
காற்று ஓய்ந்த நாட்களில்
மலைச்சரிவு வீடுகள்மேல் பழுப்பாகப் படுக்கும்;
நான்காம் மாடியில் எவளோ சன்னலை அறைந்து சாத்துவது
இங்கிருந்தே தெரியும்.

ஆகவே ஒளி.
பெராக்சைடைப் பனியாகத் தெளித்து
கண்ணுக்குத் தெரியாத ஊதாவைப் பாய்ச்சுகிறோம்.
மூலக்கூறு நட்டநடுவே பிளக்கிறது.
இரண்டு பாதிகளுக்கும் ஆயுள்
ஓர் இமைப்பின் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை;
அதற்குள் கையில் சிக்கியதைப் பற்றிக்கொள்ளும்.
பாரம் ஏறிய வாயு
வீம்பு தளர்ந்து, அமிலமாகி,
தண்ணீரில் இறங்குகிறது.

தொள்ளாயிரத்துப் பத்து.
விளக்கைப் போட்டதும் நூற்று முப்பது.
நெவென்கா மீட்டரை இரண்டு முறை தட்டினாள்,
ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்
எல்லோருக்கும் காப்பி வாங்கி வந்தாள்.

நாலாவது மணியில் இருநூறு.
ஏழாவதில் நானூற்று அறுபது.
விளக்கு எரிகிறது, வெளிச்சம் வரவில்லை.
குவார்ட்ஸ் உறைமேல்
விரலால் பெயரெழுதலாம், அவ்வளவு கரி.
அதன்பின் அதுவே வேலை:
நிறுத்து, கழற்று, துடை, மாட்டு.

படகு மெக்கானிக் தீஹோமிர்
பூசணி விதை கொறித்தபடி வாசலில் நின்றான்.
"விளக்குக்குக் கரண்ட் எங்கேயிருந்து?"
குழாய் வந்த திசையைக் காட்டினாள்.
"அப்போ, புகையைக் கழுவ இன்னும் கொஞ்சம் புகை."
"கொஞ்சம்தான்."
நூற்றுக்கு ஆறு என்று அவள் சொல்லவில்லை.
சுண்டைக்காயின் சுமைகூலி
என் நோட்டில் தனிப் பத்தி.
அதில் பொய் எழுதியதில்லை;
ஒரு முறை எழுதப் பார்த்தேன்.

மாலை, வாளியில் ஒன்பது லிட்டர் புளித்த தண்ணீர்.
தீஹோமிர் சட்டைப்பையிலிருந்து துருப்பிடித்த ஆணியொன்றை
அதில் போட்டு, குனிந்து வேடிக்கை பார்த்தான்.
சின்னச் சின்னக் குமிழிகள்.
நெவென்கா ஓடி வந்து இடுக்கியால் பிடுங்கினாள்.
"அது கரைந்தால்
நாள் முழுக்கப் பிடித்தது திரும்ப எழுந்துவிடும்!"
சோடா மாவைக் கொட்டினாள்.
நுரைத்தது. அடங்கியது.

அவன் ஆணியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.
"காலையில் காற்று நிற்குமாம்," என்றான்,
"ஐந்து மணிக்குக் குழாயைக் கழற்றிவிடுங்கள்."