பதினேழு மார்க்

அம்மா கோயிலில் எல்லோரிடமும்
நான் வீடு கொடுக்கிறவள் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.
என்னிடம் வீடு இல்லை.
ஆல்பர்ட் பார்க்கில் ஓர் ஆபீஸ்,
ஒரு ஹீட்டர், ஒரு கேத்தில்,
இருபத்திரண்டு கேள்வி உள்ள ஒரு ஃபாரம்.

பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்தால் அடி.
இங்கே மார்க் குறைந்தால் பாலத்தடி.
இருமலுக்கு இரண்டு.
ஜெயிலுக்கு ஒன்று.
ஆறு மாதம் வெளியில் படுத்திருந்தால் மூன்று.
யாராவது அடித்திருந்தால் இரண்டு;
போலீஸ் அடித்திருந்தால் எங்கே எழுதுவதென்று
இன்னும் யாரும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மோர்கன் படையாச்சி.
முருகன்தான்.
பிறப்பைப் பதிந்த வெள்ளைக்காரர் காதில் அப்படி விழுந்து
அறுபத்தோரு வருஷமாய் அப்படியே கிடக்கிறது.
சட்டைப் பித்தான் கழுத்து வரை.
தண்ணீர் தொட்டு வாரிய தலை,
எந்தக் குழாய் என்று நான் கேட்கவில்லை.

கடைசி விலாசம்?
"எம்பாங்க்மென்ட். தபால் பெட்டிக்கு இந்தப் பக்கம்."
அதற்கு முன்?
"சாட்ஸ்வொர்த். ஷூ ஃபாக்டரி பூட்டுற வரைக்கும்."
உடம்பு?
"ஒரு குறையும் இல்லேம்மா."
சைபர்.
சாப்பாடு?
"கிடைக்குது."
சைபர்.
ராத்திரியில் பயம்?
"எனக்கா?"
சைபர்.

விருந்துக்கு வந்தவர் பழத்தட்டை வைப்பது போல
தன் மானத்தை என் மேஜை மேல்
அவர் பதவிசாக வைத்துக்கொண்டே போனார்.
நான் ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு வட்டம் போட்டேன்.

ஐயா, நன்றாக இருப்பவர்களுக்கு ரூம் கிடையாது
என்று சொல்ல எனக்கு அனுமதியில்லை.
கண்ணால் சொல்வதும் தப்பென்று
பயிற்சியில் ஒரு நாள் முழுக்கச் சொன்னார்கள்.
பேனாவை மூடினேன்.
டீ போட்டேன்.
சர்க்கரை மூன்று ஸ்பூன் கேட்டார்.

அப்போதுதான் வந்தது.
சாசரில் டீ தளும்ப
ஹீட்டர் பக்கம் திரும்பி
கைக்குட்டைக்குள் அவர் மறைத்ததை
நான் எழுதினேன்,
கைக்குட்டையில் இருந்ததையும்.

ஷூவைக் கழற்ற முடியுமா என்றேன்.
"இது நாங்க தைச்சதில்லே" என்றார் முதலில்,
தையலுக்கு வெட்கப்பட்டு.
இரண்டு விரல் கறுத்திருந்தது.
மூன்று ஸ்பூன் சர்க்கரைக்கு
மூன்று மார்க்.

மொத்தம் பதினேழு.
அறை எண் ஒன்பது, மூன்றாம் மாடி.
லிஃப்ட் ஓடாது.
சாவியை வாங்கி
இரண்டு தரம் பூட்டி, இரண்டு தரம் திறந்து
உள்ளே போகாமல் நின்றார்.
"நீங்க முதல்ல போங்க" என்றார்,
வீட்டுக்காரர் சொல்கிற குரலில்.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன்.
கட்டில் மேல் செய்தித்தாள் விரித்து
பாலீஷ் போட்ட ஷூ.
அவர் படுப்பது கதவை ஒட்டித் தரையில்.
அதை எழுத ஃபாரத்தில் இடமிருந்தது,
எழுதவில்லை.

அதே செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு
புசிசிவே ம்கிஸே வந்திருந்தார்.
கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னார்,
கேட்காத ஒன்றைச் சொல்ல வாயெடுத்து
ஹீட்டரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
பத்து மணி வரை மின்வெட்டு.
ஹீட்டர் கறுப்பாய் நின்றது.
கேத்தில் கொதிக்கவில்லை.
பதினாறு.

பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவே
ஒரு கப் டீ இருந்ததென்று
மேலதிகாரிக்கு எப்படி அறிக்கை எழுதுவது?
இரண்டு முறை தொடங்கினேன்.

வியாழக்கிழமைகளில் கிளினிக் வரிசையில் அந்தம்மா நிற்பார்.
"சௌபோனா, சிஸி" என்பார்,
எனக்கு முன்பே.
பட்டியலில் எத்தனாவது என்று
இப்போதெல்லாம் கேட்பதில்லை.
நேற்று என் பையைப் பார்த்துவிட்டு
"ஜிப் திறந்திருக்கு, டர்பன் இது" என்று
தானே இழுத்து மூடிவிட்டார்.